டிசையரா, அமேஸா? ஒரு டிப்ளமோ கணக்கு

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை



மெக்கானிக்கல் படிக்கிறோம் என்று ஊரில் ஒரு வார்த்தை பரவிவிட்டால் போதும். மிக்ஸி ஓடவில்லை என்றாலும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள், போர் மோட்டார் இழுக்கவில்லை என்றாலும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். அதிலும் நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவர்கள். பையன் படிக்கிறான், அவனுக்குத் தெரியாதா என்ற நம்பிக்கை ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் பயம். எட்டு லட்ச ரூபாய் விஷயத்தில் "எந்தக் கார் வாங்கலாம்டா?" என்று கேட்டால் பயம்தான் அதிகம் வரும். அந்தக் கேள்வி உங்களுக்கும் ஒரு நாள் வரும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

நடுத்தரக் குடும்பம் "டிக்கி வைத்த கார்" என்று தேட ஆரம்பித்தால் பெரும்பாலும் வந்து நிற்பது இரண்டு பெயர்களில். ஒன்று மாருதி சுசுகி டிசையர், இன்னொன்று ஹோண்டா அமேஸ். நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் உருவாகும் ஹூண்டாய் ஆராவும், டாடா டிகோரும் இதே வரிசைதான். ஆனால் நான்கையும் எழுதினால் மலர் முழுக்க நானே எழுத வேண்டியிருக்கும். எனவே இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு வேடிக்கை. டிசையரின் நீளம் 3,995 மில்லிமீட்டர். அமேஸின் நீளமும் அதே 3,995 மில்லிமீட்டர். டிசையர் எஞ்சின் 1,197 சி.சி., அமேஸ் 1,199 சி.சி. இரண்டு வேறு கம்பெனி, இரண்டு வேறு டிசைனர், எப்படி இப்படி அச்சடித்தது போல வந்தது? காப்பி அடித்தார்களா? இல்லை. இதை வரைந்தது எஞ்சினியர் இல்லை, நிதி அமைச்சகம்! 2006-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில், நீளம் 4 மீட்டருக்குள்ளும், பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி.க்குள்ளும், டீசல் என்றால் 1,500 சி.சி.க்குள்ளும் இருக்கும் கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். அதைப் பார்த்து 2008-ல் டாடா, இண்டிகோ காரின் பின்பக்கத்தைக் குறைத்து இண்டிகோ சி.எஸ். என்று கொண்டுவந்தது. அதே 2008-ல் வந்த முதல் டிசையர் 4,160 மில்லிமீட்டர் நீளம். 2012-ல் வந்த இரண்டாவது டிசையரில் டிக்கியை வெட்டி 3,995-க்குள் அடக்கிவிட்டார்கள். 2013-ல் வந்த அமேஸ் பிறக்கும்போதே 4 மீட்டருக்குள் பிறந்தது. இந்த வகைக் கார்களின் பின்பக்கம் ஏன் மொட்டையாக, அவசரமாக முடித்தது போல இருக்கிறது என்று யாராவது கேட்டால், வரிக் கத்தரி பட்டது என்று சொல்லுங்கள்.

2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோதும் இந்தக் கோடு மறையவில்லை. சின்ன பெட்ரோல் காருக்கு 28 சதவீத வரி, அதன்மேல் 1 சதவீத செஸ். 2025 செப்டம்பர் 22 முதல் அது மொத்தமாக 18 சதவீதம் ஆனது. "அப்படியானால் 11 சதவீதம் விலை குறைந்தது" என்று கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. 100 ரூபாய் அடக்கத்துக்கு 129 கொடுத்த இடத்தில் 118 கொடுக்கிறோம். 11-ஐ 129-ஆல் வகுத்தால் எட்டரை சதவீதம்தான். எட்டு லட்ச ரூபாய்க் காரில் சுமார் 68 ஆயிரம். அதுவும் பெரிய தொகைதான், ஆனால் 88 ஆயிரம் இல்லை.

எஞ்சின்: நம்ம ஃபார்முலா வேலை செய்யும் இடம்

இப்போது ஓடும் டிசையர் நான்காம் தலைமுறை, 2024 நவம்பரில் வந்தது. அதில் மூன்று சிலிண்டர் எஞ்சின். அமேஸ் மூன்றாம் தலைமுறை, 2024 டிசம்பரில் வந்தது. அதில் நான்கு சிலிண்டர். கிட்டத்தட்ட ஒரே கொள்ளளவை ஒருவர் மூன்றாகப் பங்கு போட்டார், ஒருவர் நான்காகப் போட்டார். வித்தியாசம் முழுக்க இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

டிசையரின் சிலிண்டர் விட்டம் 74 மி.மீ., ஸ்ட்ரோக் 92.8 மி.மீ. அமேஸில் விட்டம் 73, ஸ்ட்ரோக் சுமார் 71.6 மி.மீ. நோட்டை எடுத்து பை டி ஸ்கொயர் பை நான்கு போட்டுப் பாருங்கள், 1,197-ம் 1,199-ம் சரியாக வரும். நானும் போட்டுப் பார்த்தேன். வாத்தியார் கொடுத்த கணக்கை விட இது இனித்தது.

அதாவது டிசையர் எஞ்சின் ஒல்லியாக, நெட்டையாக இருக்கிறது. அமேஸ் எஞ்சின் கிட்டத்தட்டச் சதுரம்.  சிலிண்டர் எண்ணிக்கை ஒன்று குறைவதால் உராயும் பாகங்களும், சூடு வெளியேறும் பரப்பும் குறைகின்றன. மைலேஜ் கூடுவதற்கு இதெல்லாம் காரணம். ஆனால் இனாமாக எதுவும் கிடைக்காது என்று தெர்மோடைனமிக்ஸ் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தார்களே! பிஸ்டனின் சராசரி வேகம், 2 பெருக்கல் ஸ்ட்ரோக் பெருக்கல் சுற்று, வகுத்தல் 60. டிசையர் தன் முழுச் சக்தியான சுமார் 82 பி.எஸ். கொடுப்பது 5,700 சுற்றில். அப்போது பிஸ்டன் விநாடிக்கு 17.6 மீட்டர் போகிறது. அமேஸ் தன் 90 பி.எஸ். கொடுப்பது 6,000 சுற்றில். ஆனால் அதன் பிஸ்டன் 14.3 மீட்டர்தான் போகிறது. குட்டை ஸ்ட்ரோக் எஞ்சின் உயரச் சுற்றில் அலட்டிக்கொள்ளாமல் ஓடுவதன் ரகசியம் இதுதான். இழுவிசை என்று பார்த்தால் டிசையர் 4,300 சுற்றில் சுமார் 112 நியூட்டன் மீட்டர், அமேஸ் 4,800 சுற்றில் 110. எண்ணில் ஒன்று போலத்தான். ஆனால் டிசையரின் உச்சம் 500 சுற்று முன்னாலேயே வந்துவிடுகிறது. டவுன் சந்தில் கியரை இறக்காமல் இழுக்க அது உதவும். பைபாஸில் லாரியைத் தாண்டும்போது அமேஸ் கை கொடுக்கும்.

அடுத்தது அதிர்வு. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு முழுச் சுழற்சி 720 டிகிரி. நான்கு சிலிண்டர் என்றால் 180 டிகிரிக்கு ஒரு வெடிப்பு, மூன்று என்றால் 240 டிகிரிக்கு ஒன்று. இடைவெளி அதிகம் என்பதால் ஐடிலிங்கில் தடதடப்பு தெரியும். மேலும் மூன்று சிலிண்டரில் எஞ்சினின் ஒரு முனையை மேலேயும் மறு முனையைக் கீழேயும் ஆட்டப் பார்க்கும் ஒரு கப்பிள் உண்டு. அதை மவுண்டிங்கிலும் பேலன்ஸிங்கிலும் அடக்குகிறார்கள், முழுக்க அடங்காது. சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் மேல் உள்ளங்கையை வைத்தாலே தெரிந்துவிடும். இது ரிப்பேர் இல்லை, அதன் பிறவிக் குணம். புதுக் கார் எடுத்த மறுநாளே "வண்டி அதிருது" என்று சர்வீஸ் சென்டரில் போய் நிற்பவர்களுக்கு நீங்கள் இதைச் சொல்லலாம்.

மைலேஜ் என்ற மாயக்கண்ணாடி

நோட்டீஸில் போட்டிருக்கும் கணக்குப்படி கியர் மாற்றும் டிசையர் லிட்டருக்கு 24.79 கி.மீ., அமேஸ் 18.65 கி.மீ. இந்த எண், பரிசோதனைக் கூடத்தில் உருளை மேல் சக்கரத்தை ஓடவிட்டு எடுத்தது. ஏ.சி. கிடையாது, அதிகபட்ச வேகமே 90 கி.மீ. நம் ரோட்டில், நம் வெயிலில், ஏ.சி. போட்டுக்கொண்டு, வேகத்தடை தோறும் பிரேக் அடித்துக்கொண்டு போகும்போது அதில் முக்கால் பங்கு கிடைக்கும் என்று வைத்துத்தான் நான் கணக்குப் போடுவேன்.

இங்கே ஒரு நுணுக்கம். மைலேஜ் இரண்டுக்கும் கால் பங்கு குறைந்தால் வித்தியாசமும் குறையும் என்றுதான் மனசுக்குத் தோன்றும். நேர்மாறு! வருஷத்துக்கு 12,000 கி.மீ. ஓட்டம் என்று வையுங்கள். நோட்டீஸ் கணக்கில் டிசையருக்கு 484 லிட்டர், அமேஸுக்கு 643 லிட்டர், வித்தியாசம் 159. முக்கால் பங்கு மைலேஜில் டிசையருக்கு 645, அமேஸுக்கு 858. வித்தியாசம் 213 லிட்டராகப் பெருகிவிட்டது. காரணம், மைலேஜ் வகுக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. லிட்டர் 100 ரூபாய் என்று முழுசாக வைத்தால் வருஷத்துக்கு 21 ஆயிரம், ஐந்து வருஷத்தில் ஒரு லட்சத்து ஆறாயிரம். ஆனால் மாதம் 300 கி.மீ. மட்டும் ஓட்டும் ஒரு ஆசிரியர் வீட்டுக்கு இதே வித்தியாசம் வருஷத்துக்கு 6,400 ரூபாய்தான். அவர் மைலேஜுக்காக மனசுக்குப் பிடித்த வண்டியை விடுவது தேவையில்லாத தியாகம். அதனால் "எந்தக் கார் நல்ல கார்?" என்று கேட்பவரிடம் நாம் திருப்பிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "மாசத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீங்க?" என்பதுதான். பதில் தெரியாதவர் இன்னும் கார் வாங்கும் நிலைக்கு வரவில்லை என்று அர்த்தம்.

எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் பற்றியும் பேச்சு இருக்கிறது. எத்தனாலில் லிட்டருக்குப் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, எனவே கலவையில் 6, 7 சதவீதம் சக்தி குறையத்தான் செய்யும். இரண்டு காருக்கும் பொது என்பதால் தேர்வை இது மாற்றாது.

ஆட்டோமேட்டிக் வேண்டுமா?

கால்வலிக்காரர்கள் கேட்பது இது. இரண்டிலும் ஆட்டோமேட்டிக் உண்டு, ஆனால் இரண்டும் வேறு வேறு ஜாதி. டிசையரில் இருப்பது ஏ.எம்.டி. அதாவது சாதாரண கியர் பாக்ஸ், சாதாரண கிளட்ச்தான். நம் காலும் கையும் செய்யும் வேலையை ஒரு ஆக்சுவேட்டரும் கம்ப்யூட்டரும் செய்கின்றன. கியர் மாறும் நேரத்தில் இழுவை ஒரு நொடி அறுவதால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தலை லேசாக ஆமாம் போடும். அமேஸில் இருப்பது சி.வி.டி. இதில் பல் சக்கரப் படிகளே இல்லை. விரிந்து சுருங்கும் இரண்டு கூம்புப் புல்லிகள், நடுவில் ஒரு எஃகு பெல்ட். மாவு மில்லில் ஸ்டெப் புல்லியில் பெல்ட்டை மாற்றிப் போடுவது போல, ஆனால் படியே இல்லாமல், வழுக்கிக்கொண்டு விகிதம் மாறும். எண்ணெய் போல ஓடும். திடீரென்று மிதித்தால் மட்டும் முதலில் சத்தம் வரும், வேகம் பின்னால் வரும்.

விலையில் பாருங்கள். 2024-ல் அறிமுகமானபோது டிசையர் ஏ.எம்.டி.க்கு 45 ஆயிரம் கூடுதல். அமேஸின் ஆரம்ப மாடலில் சி.வி.டி.க்கு ஏறத்தாழ ஒரு லட்சத்து இருபதாயிரம் கூடுதல். வேடிக்கை என்னவென்றால் இரண்டிலுமே ஆட்டோமேட்டிக்கின் நோட்டீஸ் மைலேஜ், கையால் கியர் போடுவதை விட அதிகம். டிசையர் 25.71, அமேஸ் 19.46. எந்த நேரத்தில் எந்த விகிதம் சிக்கனம் என்று கம்ப்யூட்டர் பார்த்துப் போடுகிறது. நம் ஊரில் மூன்றாவது கியரில் முக்கிக்கொண்டே போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு இது நிஜமாகவே லாபம். சி.வி.டி. வாங்கினால் அதன் ஆயிலைச் சொன்ன கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். அதில் கஞ்சத்தனம் காட்டுகிறவர் ஏ.எம்.டி. வாங்கட்டும். என் தீர்ப்பு: தினமும் நகர நெரிசல் என்றால் சி.வி.டி.க்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை. கிராமத்து ரோட்டுக்குக் கை கியரே போதும்.

விலைப் பட்டியலை வாசிப்பது ஒரு கலை

"டிசையர் 6 லட்சத்து 79 ஆயிரம், அமேஸ் 8 லட்சம். ஒன்றேகால் லட்சம் வித்தியாசம்!" 2024-ல் இரண்டும் வந்தபோது இப்படித்தான் பேசினார்கள். ஆனால் அந்த ஆறே முக்கால் லட்ச டிசையரில் பாட்டுப் பெட்டி கூடக் கிடையாது. அமேஸின் ஆரம்ப மாடலிலேயே தொடுதிரை உண்டு. சமமாக வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் டிசையரின் அடுத்த மாடலான வி.எக்ஸ்.ஐ.யோடு ஒப்பிட வேண்டும். அது அன்று 7 லட்சத்து 79 ஆயிரம். அப்போது வித்தியாசம் வெறும் 21 ஆயிரம்! ஆரம்ப விலையை வைத்து ஆள் பிடிப்பது, ஜவுளிக்கடை வாசலில் "199 முதல்" என்று போர்டு வைப்பது போலத்தான். அந்த "முதல்" என்ற சொல்லைச் சின்ன எழுத்தில் எழுதுவார்கள்.

இன்னொரு பள்ளம், ரோட் டாக்ஸ். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல், 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை உள்ள காருக்கு 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம். தாண்டிய பகுதிக்கு மட்டும் இல்லை, முழு விலைக்கும். அதாவது 9,99,000 ரூபாய்க் காருக்கு வரி சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம். 10,01,000 ரூபாய்க் காருக்கு 1 லட்சத்து 80 ஆயிரம். இரண்டாயிரம் ரூபாய் அதிகம் கொடுத்து ஐம்பதாயிரம் அபராதம் கட்டுவது போல. மேல் மாடல் மேல் ஆசைப்படும்போது இந்தக் கோட்டைத் தாண்டுகிறோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடன் பற்றியும் ஒரு பத்தி எழுதியே ஆக வேண்டும். 7 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, குறையும் பாக்கிக்கு வட்டி என்ற முறை. 5 வருஷம் என்றால் மாதத் தவணை 14,531 ரூபாய், மொத்த வட்டி 1 லட்சத்து 72 ஆயிரம். 7 வருஷம் என்றால் தவணை 11,262 ஆக இறங்கும், வட்டி 2 லட்சத்து 46 ஆயிரமாக ஏறும். இதே 9 சதவீதத்தை "ஃப்ளாட் ரேட்" என்று யாராவது சொன்னால் உஷாராகிவிடுங்கள். அதில் ஐந்து வருஷ வட்டி 3 லட்சத்து 15 ஆயிரம்! சதவீதம் ஒன்று, பணம் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. நம் வீட்டுப் பெரியவர்கள் கையெழுத்துப் போடுமுன் நாம் கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது: "குறையும் வட்டியா, ஃப்ளாட்டா?"

எங்கள் வீட்டுக் கணக்கு

இந்தக் கணக்கை எல்லாம் நான் பொழுதுபோக்குக்குப் போடவில்லை. எங்கள் அப்பாயிக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். ஒரத்தநாட்டுக்குத் தெற்கே எங்கள் ஊர், தஞ்சாவூர் போய்வர 80 கி.மீ. வாடகைக் கார், காத்திருப்பும் சேர்த்து ஒரு தடவைக்கு 1,800 ரூபாய். மாதத்துக்கு ஒன்பது தடவை என்றால் 16,200. சித்தப்பா, "இந்தக் காசுக்குச் சொந்தமா வாங்கிப்புடலாம்டா, நீ பாத்துச் சொல்லு" என்றார்.

போட்டுப் பார்த்தேன். மாதம் 1,000 கி.மீ. ஓட்டம், டிசையர் என்றால் பெட்ரோல் 5,400 ரூபாய். தவணை 14,531. கூட்டினால் 20 ஆயிரத்தைத் தொடும், சர்வீஸும் இன்சூரன்ஸும் தனி. கணக்குப்படி வாடகைக் காரே மலிவு! இதை மறைக்காமல் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "போன தை மாசம் முகூர்த்த நாள்ல வண்டி கெடைக்காம அம்மா ஒரு தடவ தவறிப்போச்சு. ராத்திரி மூச்சுத் திணறுச்சுல்ல? அத எந்தக் கணக்குல சேப்ப?" என்றார். டயாலிசிஸுக்கு முகூர்த்தம் தெரியாது. அந்தப் பத்தி என் நோட்டில் இல்லை. ஐந்து வருஷம் கழித்துக் கடன் தீரும், கார் மிஞ்சும் என்பதையும் சேர்த்து, வாங்குவது என்று முடிவானது.

அப்பாயியை இரண்டு காரிலும் உட்கார வைத்துப் பார்த்தோம். இது மிக முக்கியம் நண்பர்களே. யாருக்காக வாங்குகிறோமோ அவரை ஷோரூமுக்கு அழைத்துப் போக வேண்டும். அமேஸின் வீல்பேஸ் 2,470 மி.மீ., டிசையர் 2,450. அமேஸில் பின் சீட்டில் கால் நீட்ட வசதி என்று அப்பாயி சொன்னது. டிசையரின் உயரம் 1,525, அமேஸ் 1,500. குனிந்து ஏறும்போது தலைக்கு டிசையர் கொஞ்சம் தேவலை. "எது அப்பாயி நல்லாருக்கு?" என்று கேட்டதற்கு, "ரெண்டுமே குழிக்குள்ள எறங்குற மாதிரிதான்டா இருக்கு" என்றது. உண்மை. செடான் என்றாலே தாழ்ந்த இருக்கைதான். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு உயரமான ஹேட்ச்பேக்கே ஏற இறங்க நல்லது. ஆனால் எங்களுக்குச் சக்கர நாற்காலி வைக்க டிக்கி வேண்டும். டிசையரில் 382 லிட்டர், அமேஸில் 416 லிட்டர். வித்தியாசம் இரண்டு குடம் தண்ணீர் அளவு. மடக்கிய நாற்காலி இரண்டிலும் போனது. சி.என்.ஜி. டிசையர் கிலோவுக்கு 33.73 கி.மீ. என்று ஆசை காட்டியது. ஆனால் சிலிண்டர் டிக்கியில் உட்கார்ந்தால் நாற்காலி எங்கே உட்காரும்? விட்டுவிட்டோம்.

சித்தப்பாவுக்கு மனசெல்லாம் அமேஸ் மேல். ஓட்டிப் பார்த்துவிட்டு "எஞ்சின் இருக்கான்னே தெரியலடா" என்றார். தரை இடைவெளியும் அமேஸில் 172, டிசையரில் 163 மி.மீ. எங்கள் ஊர் ரோட்டுக்கு அந்த 9 மில்லிமீட்டர் ஒரு பொருட்டுதான். இன்னொரு குறையும் சொன்னார்: "டிசையர்ல போனா வாடகை வண்டின்னு நெனச்சு கையக் காட்டுவாய்ங்க." டாக்ஸி ஸ்டாண்டில் பாதி டிசையர் என்பதால் இந்தப் பழி. ஆனால் அதையே திருப்பிப் பாருங்கள். கணக்குப் பார்த்து ஓட்டும் டாக்ஸிக்காரர்கள் ஒரு வண்டியைத் தேர்ந்தெடுத்தால் அதில் சேதி இருக்கிறது. பாகங்கள் எங்கும் கிடைக்கும், பழைய வண்டிக்கும் விலை நிற்கும். நாட்டிலேயே பெரிய சர்வீஸ் வலை மாருதியுடையது. வாரம் இரண்டு நாள் கட்டாயம் ஓடியாக வேண்டிய வண்டி, சர்வீஸுக்குப் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். ஐந்து வருஷ பெட்ரோல் வித்தியாசம் ஒரு லட்சத்து ஆறாயிரம் என்று காகிதத்தில் எழுதிக் காட்டினேன். டிசையர் வி.எக்ஸ்.ஐ., கை கியர் என்று முடித்தோம். நிறம் மட்டும் வெள்ளை வேண்டாம் என்றார். அது அவர் உரிமை!

எங்கள் ஓட்டம் பாதியாக இருந்திருந்தால் நானே அமேஸ் என்றுதான் சொல்லியிருப்பேன்.

நட்சத்திரங்கள்

பாதுகாப்பு பற்றி ஐந்து நட்சத்திரம், நான்கு நட்சத்திரம் என்று பேசுகிறார்கள். நட்சத்திரத்தை வருஷத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். இரண்டாம் தலைமுறை அமேஸ் 2019-ல் குளோபல் என்.கேப். சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு நான்கு நட்சத்திரம் வாங்கியது. அதே தலைமுறை 2024-ல் இரண்டுதான் வாங்கியது. கார் தேய்ந்து போகவில்லை, 2022-ல் சோதனை விதிகள் கடுமையாயின. பழைய கார் வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இன்றைய டிசையர் 2024-ல் அந்தக் கடுமையான விதியிலேயே பெரியவர்களுக்கு ஐந்து, குழந்தைகளுக்கு நான்கு என்று வாங்கியது. மாருதியில் ஐந்து வாங்கிய முதல் கார் இதுதான். இன்றைய அமேஸும் 2025-ல் நம் நாட்டு பாரத் என்.கேப். சோதனையில் ஐந்து வாங்கியிருக்கிறது. இரண்டிலும் எல்லா மாடலிலும் ஆறு ஏர்பேக், சறுக்கலைத் தடுக்கும் மின்னணு அமைப்பு உண்டு. ஆகவே இந்தப் பாடத்தில் இருவரும் பாஸ். பின் சீட்டில் பெல்ட் போடாமல் உட்கார்ந்தால் ஆறு ஏர்பேக்கும் அலங்காரம்தான்.

அமேஸின் மேல் மாடலில் கேமரா பார்த்துத் தானே பிரேக் போடும் வசதி உண்டு. டிசையரின் மேல் மாடலில் கூரையில் கண்ணாடி ஜன்னல் உண்டு. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் கூரையைத் திறந்துகொண்டு எங்கே போவது என்று எனக்குப் புரியவில்லை. உத்தரவாதம் இரண்டுக்கும் 3 வருஷம். மாருதியில் ஒரு லட்சம் கி.மீ. வரம்பு, ஹோண்டாவில் கிலோமீட்டர் வரம்பு இல்லை. வீட்டு வண்டி மூன்று வருஷத்தில் ஒரு லட்சம் தொடாது.

டீசல் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டிசையரில் டீசல் 2020-லேயே நின்றுவிட்டது, அமேஸில் 2023-ல் நின்றது. டீசல் வேண்டுமென்றால் பழைய வண்டிதான் பார்க்க வேண்டும்.

கடைசியாக டெலிவரி நாள். மாலை போட்டுப் போட்டோ எடுக்கும் அவசரத்தில் யாரும் காகிதம் பார்ப்பதில்லை. நாம் பார்க்கலாம். விற்பனைச் சான்றான படிவம் 21-ல் தயாரித்த மாதமும் வருஷமும் இருக்கும். ஜனவரியில் வாங்கும் காரில் முந்தைய வருஷத்து மாதம் இருந்தால் அதற்குத் தனியாகத் தள்ளுபடி கேட்க வேண்டும், ஏனென்றால் விற்கும்போது ஒரு வருஷம் பழையதாகத்தான் மதிப்பார்கள். சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இன்சூரன்ஸை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, வெளியில் விலை கேட்டு வைத்துக்கொண்டு போங்கள். புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் மூன்று வருஷத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும், அது சட்டம். "கையாளும் கட்டணம்" என்று பில்லில் ஒரு வரி இருந்தால் என்ன கையாண்டீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். எங்களுக்கு அந்த ஒரு கேள்வியில் பாதி குறைந்தது.